கூவாத கோழி

பொங்கலூர் தாண்டி, காற்றாடி வரிசை முடிகிற இடத்தில்
எங்கள் கொட்டகை.
ஐயாயிரம் குஞ்சு, ஒரு நாள் வயசு,
தேங்காய் மஞ்சு பரப்பிய தரையில்
மஞ்சளாய் ஒரு இரைச்சல்.

மாசிப் பனி.
நாலு பக்கமும் படுதா இறக்கி
தகர டிரம்மில் கரி போட்டு
விடிய விடிய அணையாமல் பார்க்க வேண்டும்.
ஒரு ராத்திரி நான்,
மறு ராத்திரி கெர்கெட்டா, ஜார்க்கண்டுப் பையன்.
அவனும் வேதக்காரன்தான்.
சோற்றுக்கு முன் கண்மூடி
எனக்குப் புரியாத பாஷையில் முணுமுணுப்பான்.
கடைசி வார்த்தை மட்டும் புரியும்,
அது ரெண்டு பேருக்கும் ஒன்று.

என் முறையில் தூங்கிவிட்டேன்.
லெந்து முதல் வாரம், உபவாசக் களைப்பு என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
போனில் படம் பார்த்த களைப்பு.
குளிரில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி
மூலையில் அமுங்கிக் கிடந்ததை எண்ணினேன்:
நூற்று ஐம்பத்து மூன்று.
அந்தக் கணக்கை எங்கோ வாசித்திருக்கிறேன்,
ஒரு கரையில், வலை நிறைய.

கம்பெனி சூப்பர்வைசர் பைக்கை அணைக்காமலே கேட்டார்,
"ராத்திரி யார் முறை?"
"அவந்தானுங்க."
தோட்டத்துக்காரர் கேட்டார், "நீ பாக்கலியா எஸ்றா?"
"எனக்கொண்ணுந் தெரியாதுங்க."
சாப்பாடு போட்டபடி சலோமி,
"அந்தப் பையன் அப்பிடிப்பட்டவனாத் தெரியலியே."
"உனக்கென்ன தெரியும் அவனை? எனக்கே தெரியாது."

மூன்று ஆயிற்று.
கோழி கூவவில்லை.
கறிக்கோழிக்குக் கூவத் தெரியாது.
தொண்டை முற்றுமுன், நாற்பதாம் நாள்,
லாரி வந்து நிற்கும்.
சுற்றிப் பத்து மைலுக்கு லட்சம் கோழி,
என்னை எழுப்ப ஒன்றில்லை.

கெர்கெட்டா பையைத் தோளில் மாட்டிப் போன ஞாயிறு
நானும் கோயிலுக்குப் போனேன்.
இருபது வருஷமாய் என் முழங்காலுக்கு வழி தெரியும்,
என்னைக் கேட்காமலே மடங்கும்.
போதகர் பாத்திரத்தோடு நெருங்குகையில்
நீட்டிய என் கையிலிருந்து கரிவாசம்.
எழுந்து வெளியே வந்துவிட்டேன்.
வெயில். செருப்புக் குவியல்.
என் செருப்பைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆனது.

தோட்டத்துக்காரர் பால் கறந்துகொண்டிருந்தார்.
"தூங்கினது நானுங்க."
மடியிலிருந்து கையெடுக்காமல்,
"இப்பச் சொல்லி?" என்றார்.
சம்பளத்தில் பிடித்தார்.
வானம் ஒன்றும் திறக்கவில்லை.
சொம்பில் பால் விழும் சத்தம்.

திருப்பூரில், மங்கலம் ரோட்டு லைன் வீட்டில்
ஒன்பது பேர் தங்கும் அறை.
ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவன்
வாசலில் பழைய பெயிண்டு டப்பாவில் கரி மூட்டித்
தக்காளி சுட்டுக்கொண்டிருந்தான்.
பஸ்ஸில் வழிநெடுகக் கோத்த வார்த்தைகள்
புகையில் கலைந்தன.
உட்கார ஒரு செங்கல்லை நகர்த்தி வைத்தான்.
"எஸ்றாண்ணா, சாப்ட்டியா?"
தொண்டை அடைத்தது.
"அண்ணா, சாப்ட்டியா?"
மூன்றாம் தரம் அவன் கேட்கவில்லை,
தட்டை நீட்டினான்.
சொன்னேன், பாதி தமிழில் பாதி கையால்.
"தெரியும்," என்றான். "அன்னிக்கே தெரியும்."
உப்புக் கொஞ்சம் கூடுதல்.
வழித்துத் தின்றேன்.

அவன் திரும்பி வரவில்லை.
சாயப்பட்டறையில் கூலி அதிகம்.

இன்று புதுக் குஞ்சு இறங்கியிருக்கிறது.
சித்திரையானாலும் ஒரு நாள் வயசுக்குக் குளிரும்.
விசுவாசப் பிரமாணம்
முழுசாய் நினைவிருக்கிறதா தெரியவில்லை,
சொல்லிப் பார்க்க நேரமில்லை.
மணி ரெண்டு. படுதா இடுக்கில் காற்று.
மூலையில் குவிகிற குஞ்சுகளைக் கையால் பிரித்துவிடுகிறேன்.
குவிகின்றன.
பிரித்துவிடுகிறேன்.
தீனித்தட்டு காலியானால் தகரத்தில் அலகு பட்டு
டிக் டிக்கென்று ஒரு சத்தம் வரும்.
அதற்குக் கண் விழித்திருக்கிறேன்.