நாலடி ஆழம்

அவிநாசி ரோட்டில், மணிக்கு எண்ணூறு ரூபாய் வாடகைக் குளம்.
அந்த முனை ஏழடி, இந்த முனை நாலடி.
தரையில் கால் படக்கூடாது என்பது வாட்டர் போலோ சட்டம்.
ஏழடியில் அதைச் சொல்லவே வேண்டாம்.
நாலடியில்தான்
முழங்காலை மடக்கிக்கொண்டு
நெஞ்சளவுத் தண்ணீரில்
ஆழம் இருப்பதாக நடிக்க வேண்டும்.

தொப்பிகள் எங்கள் கம்பெனி பனியன் வேஸ்ட்.
அவர்களுக்கு வெள்ளை, எங்களுக்கு நீலம்,
கோலிகள் இருவருக்கும் சிவப்பு.
இரண்டாம் கால்பகுதியில் சாயம் விட்டது.
"டையிங்ல அன்னைக்கே சொன்னனுங்க"
என்றாள் ரங்கநாயகி,
ஒற்றைக் கையில் பந்தை ஏந்தி.
இரண்டு கை கோலிக்கு மட்டும்.
கால் ஊன்றுகிற சலுகையும் கோலிக்கே.

வெள்ளைக்காரன் ஊர் ஆறுகளில்
பீப்பாயைக் குதிரையாக்கி
அதன்மேல் ஏறி ஆடினார்களாம் முதலில்.
குதிரை என்றோ கவிழ்ந்துவிட்டது,
போலோ என்ற பேர் மட்டும் மிதக்கிறது.

கடைசிக் கால்பகுதி. ஐந்துக்கு ஐந்து.
முப்பது விநாடிக்குள் எறிய வேண்டும்,
நான்குதான் மிச்சம், பந்து என்னிடம்.
குளம் அதற்குள் நொய்யலாகியிருந்தது;
நடுவர் துளசிமணி குனிந்து குனிந்து பார்க்கிறார்,
ஒரு காலும் தெரியவில்லை.

கட்டைவிரல்தான். அதுவும் ஒரு நொடி.
அரையடி எழும்பி எறிந்தேன்.

விசில், கைதட்டல்,
ரங்கநாயகி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு.

எதிரணிக் கோலி கோகிலவாணி
வலைக்குள்ளிருந்த பந்தை எடுத்துவந்து
என் கையில் வைத்தாள்.
அவளுக்கு மட்டும் கேட்கத் தெரிந்த கேள்வி:
"அடியில டைல்ஸ்
ஜில்லுனு இருக்குதில்லீங்க?"