ஓ.டி.

கடலூரில் ஓ.டி. என்றால் பழைய ஊர்.
பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுவது அதைத்தான்.
எனக்கு மட்டும் அது
பச்சைத் துணி, பதினெட்டு டிகிரி குளிர்,
யாரோ கழற்றிப்போட்ட ரப்பர் செருப்பு.

அந்த ஓ.டி. பக்கமிருந்து இந்த ஓ.டி.க்கு
ராத்திரி ஒரு மணிக்கு ஷேர் ஆட்டோவில் வந்தாள்
சோனாங்குப்பத்து அஞ்சலாட்சி.
குடல் முறுக்கு. கல்லாய் இறுகிய வயிறு.

கிளிப்பை மாட்டினேன். எண் வரவில்லை.
ஐஸில் இறால் உரித்து உரித்து
ரேகை போன விரல்.
"ரேஷன் கடை மெஷினும் இப்டித்தான் தம்பி,
நான் நானில்லேன்னுடும்."
வெந்நீர்ப் பஞ்சால் துடைத்து
என் உள்ளங்கைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்து
மறுபடி மாட்டினேன்.
சிவப்பு வெளிச்சம் நகத்தில் புகுந்து
சதையின் அந்தப் பக்கம் வந்தது.
தொண்ணூற்றேழு.

நான் காதால் வேலை செய்கிறவன்.
ஆக்சிஜன் இறங்கினால் சத்தத்தின் சுருதியும் இறங்கும்,
இருட்டில் யாரோ மாடிப்படி இறங்குவதுபோல.
அலாரம் வேறு.
கை அசைந்தால் கத்தும். வயர் நழுவினால் கத்தும்.
கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் கத்தும்.
மணிமேல் குறுக்குக்கோடு போட்ட அந்தப் பட்டனை
ஒரு ஷிப்டில் எத்தனை தடவை அமுக்குகிறேன் என்று
யாரும் எண்ணியதில்லை, நானும்.
அமுக்கினால் இரண்டு நிமிஷம் வாய் மூடும்.
இரண்டு நிமிஷம் மூளைக்கு எவ்வளவு என்று
பரீட்சையில் எழுதியிருக்கிறேன். முழு மார்க்.

"உள்ளே போயிடுச்சு" என்றார் டாக்டர் நிலோபர்.
பையை அமுக்கினார்.
நெஞ்சு ஏறியது மாதிரிதான் இருந்தது.
வயிறும்.
திரையில் தொண்ணூற்றொன்பது.
அதற்குக் கீழே, வெளிவிடும் மூச்சுக்கான மஞ்சள் வரி,
பெட்டி பெட்டியாய் எழ வேண்டியது,
படுத்தே கிடந்தது.

"அந்த மெஷின் திங்கக்கிழமையிலேர்ந்தே அப்டித்தான்."
சர்ஜன் தணிகைவேல், கையுறை விரல்களைக் கோத்தபடி.
உண்மை. திங்கட்கிழமை குழாயில் நீர் கோத்திருந்தது.
புதன்கிழமையும்.
புகார் எழுதியவனே நான்தான்.

ஆனால் இன்று சாயங்காலம் அந்த மெல்லிய குழாயை மாற்றினேன்.
மாற்றி, வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன்.
என் மூச்சுக்கு அது எழுந்து நின்றது.

தொண்ணூற்றொன்பது போன நிமிஷத்துச் செய்தி.
ரத்தம் கையிருப்பில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

சம்பளம் பதினோராயிரம்.
ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது.
இதையெல்லாம் நினைக்கவும் நேரம் இருந்தது என்பதுதான்
இப்போதும் உறுத்துகிறது.

"மேடம், கோடு வரலை."
யாரும் திரும்பவில்லை.
"மேடம். நான் ஊதிப் பாத்தேன். எனக்கு வந்துச்சு.
அவங்களுக்கு வரலை."

சத்தம் ஒரு படி இறங்கியது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வரியைப் பார்த்தார்.
குழாயை உருவினார்.
மாஸ்க். சக்ஷன். மறுபடி வெளிச்சம், தொண்டை, தேடல்.
எண்பத்தாறு.
எண்பத்தொன்று.
எழுபத்து...

மஞ்சளில் ஒரு பெட்டி.
பிறகு இன்னொன்று.
மூன்றாவதுக்குத்தான் நான் மூச்சுவிட்டேன்.

"கத்தி" என்றார் தணிகைவேல்.

பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கிறது: அலாரம், காரணம்.
வழக்கமாக 'வயர் தளர்வு' என்று எழுதுவேன்.
டாக்டர் நிலோபர் பேனாவை வாங்கி
'குழாய் உணவுப்பாதையில்' என்று எழுதி
நேரம் போட்டு, கையெழுத்திட்டு,
"உங்க பேர் என்ன?" என்றார்.
ஒன்றரை வருஷத்தில் முதல் தடவை.

காலையில் வார்டுக்குப் போனேன்.
அஞ்சலாட்சி கிளிப் மாட்டிய விரலைத் தூக்கி
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
தொண்டை கட்டிய குரலில் கேட்டாள்:

"ஏத்துக்கிச்சா?"