பல் போன பட்டை

முறுக்கினால் சத்தம் வருகிறது.
வண்டி வரவில்லை.

பின்னால் பனி பீய்ச்சியடித்ததில்
ஹெய்க்காவின் முகமெல்லாம் மாவு.
"முறுக்காதே" என்றான்.
அவன் சொன்னதாலேயே இன்னொரு முறை முறுக்கினேன்.
இன்னும் ஒரு சாண் இறங்கியது.
தன் குழியைத் தானே தோண்டும் சாமர்த்தியம்
எனக்கும் இந்த ஸ்னோமொபைலுக்கும்
ஒரே கடையில் வாங்கியது.

மேலே கிடப்பது நேற்றிரவு விழுந்தது, இறகு.
அடியில் நவம்பரில் விழுந்தது
குளிர் தின்று தின்று சீனியாகி
ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கிறது.
எங்கள் மொழியில் இதற்குத் தனிப்பெயர் உண்டு.
பெயர் தெரிந்துவிட்டால்
பட்டைக்குப் பிடி கிடைத்துவிடுமா?

இஞ்சினை அணைத்தேன்.
பனிமான்கள் ஏரிக்கு அந்தப் பக்கம்.
தீவன மூட்டை பதினொன்று இந்தப் பக்கம்.
நடுவில் நான்,
என் முன்னாள் கணவனின் அண்ணன்.
விவாகரத்தில் ஆட்களைப் பிரித்தார்கள்,
மேய்ச்சல் நிலத்தைப் பிரிக்கவில்லை.

மூடியைத் திறந்து பெல்ட்டைத் தொட்டேன்.
சூடு உண்டு, கருகல் வாடை இல்லை.
பட்டையின் தொய்வு சரியாகத்தான் இருக்கிறது.
உருளைகளுக்கிடையே உறைந்திருந்த ஐஸைக்
கோடரிப் பிடியால் தட்டினேன்.
பிறகுதான் குனிந்து பார்த்தேன்:
வண்டி பட்டையின் மேல் நிற்கவே இல்லை,
வயிற்றின் மேல் படுத்திருக்கிறது.
கால் வைக்கும் பலகை இரண்டும் பனியில் உட்கார்ந்திருக்க
பட்டை பள்ளத்தில் தொங்குகிறது,
நாற்காலியில் உட்கார்ந்த குழந்தையின் கால் மாதிரி.

கையுறையைக் கழற்றி உள்ளே விட்டேன்.
பட்டையின் பல் இரண்டு கணு உயரம் என்று சொல்லி விற்றது.
என் விரலுக்கு ஒரு கணுதான் தட்டுப்பட்டது,
அதுவும் ஓரம் மழுங்கி.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
விற்றவன் என் பின்னால் நின்று
முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்,
சொல் எதுவும் இல்லாமல்.

சுமைவண்டியைக் கழற்றினோம்.
பலகைகளுக்கு அடியில் தோண்டினோம்.
ஸ்னோமொபைலைப் பக்கவாட்டில் சாய்த்து
பள்ளத்தை நிரப்பி, மிதித்து, நிரப்பி,
முன்னால் முப்பது தப்படிக்கு
ஸ்கீ மாட்டிக்கொண்டு மிதித்தோம்.
உடனே ஓட்டினால் மறுபடி மாவுதான்.
கலைந்த பனி தனக்குள் கைகோத்துக்கொள்ள
அரைமணி நேரம் கேட்கும்.

அரைமணி நேரம்.
மூன்று வருடத்தில் நாங்கள் பேசியதைவிட அதிகம்.

பிளாஸ்கைத் திறந்தான்.
"போன மே மாதம்" என்றான்,
"ஆறு உடைந்துபோச்சு.
ஜல்லி ரோட்டில் ஒன்பது கிலோமீட்டர் ஓட்டினேன்."
நான் மூட்டைகளைப் பார்த்தேன்.
"பாதிப் பணம் தருகிறேன்."
"முழுசும்."
காபி ஊற்றினான்.
கோப்பை ஒன்றுதான் இருந்தது.

குதிகாலால் உதைத்துப் பார்த்தேன்,
பனி 'டொக்' என்றது.
சுமைவண்டியை நீளக் கயிற்றில் கட்டினோம்.
வண்டி கெட்டித்தடத்தில் வேகம் பிடித்தபின்
சுமை கிளம்பட்டும்.
அவன் பின்னாலிருந்து தள்ளி
ஓடிவந்து ஏறிக்கொள்வதாகப் பேச்சு.

மெதுவாக. மிக மெதுவாக.
தூங்குகிறவர் கையிலிருந்து
கண்ணாடியை எடுப்பது போல முறுக்கினேன்.
மூக்கு எழுந்தது.
கயிறு விறைத்தது.
சுமை வந்தது.

அவன் வரவில்லை.
இடுப்பு வரை போய்விட்டான் என்பது
கண்ணாடியில் தெரிந்தது.
நின்றால் மறுபடி புதைவேன்.
அவனும் அதைத்தான் கத்தியிருப்பான், "நிக்காதே" என்று,
இல்லை வேறெதையோ.
ஏரியின் கெட்டி ஐஸ் வரை
இரண்டு கிலோமீட்டர்
கழுத்தைத் திருப்பவில்லை.

ஐஸில் நிறுத்தித் திரும்பினேன்.
நான் கிழித்துவந்த தடத்தில்
ஒரு புள்ளி நடந்து வந்துகொண்டிருந்தது.
அவனைவிடத் தடிமனாக, ஒரு பக்கம் சாய்ந்து.

மூட்டைகளை எண்ணினேன்.
பத்து.