உறை

எத்தனை பவுன் தேறும் என்று கேட்கிறார்
நாகர்கோவில் கல்லூரி வாசலில் காவலிருக்கும் ஞானசிகாமணி.
ஒரு கிராம், அண்ணா. அதுவும் உப்பாக.
உப்பிலே பொன்னா,
நல்ல ஆளிடம் சொன்னே போ என்கிறார்.

தண்ணீரில் விட்டால் மஞ்சள்.
மேலே டொலுவீனை ஊற்றிக் குலுக்க
மஞ்சள் கீழிருந்து இடம்பெயர்ந்து
செவ்விளநீர்க் காயின் நிறமாகி மேலே நிற்கும்.
அதில்
வாலில் கந்தகம் முடிந்த திரவப்படிக மூலக்கூறுகளை இடும்போது
அந்த நிறமும் வெளிறிப்போய்
வெறும் தெளிவு.
பொன் எங்கே போயிற்று என்று
ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கும்.

நான்கு முறை தவறியது.
காலையில் வந்து பார்த்தால்
குடுவையின் அடியில் அடுப்புக்கரி மாதிரி ஒரு வண்டல்.
நோட்டில் 'துகள்கள் திரண்டன' என்று எழுதினேன்.
வீட்டில், திரிஞ்சு போச்சு என்றேன்.

வில்பிரட் சிரித்தான்.
குலசேகரத்தில் இருநூற்றுப் பத்து மரம்
குத்தகைக்குப் பால்வெட்டுகிறவன்.
சிரட்டைப் பாலைத் தட்டில் ஊற்றி
ஆசிட் விட்டு
உறையக் காத்திருக்கிறவன்.
உறையாவிட்டால் அவனுக்கு ஷீட் இல்லை.
உறைந்தால் எனக்குப் பட்டம் இல்லை.
ஒரே அடுப்பில் போட்ட சாயாவைக் குடித்துக்கொண்டு
இரண்டு பேரும்
ஒரே கர்த்தரிடம் நேரெதிராய்க் கேட்கிறோம்.

பாலாகவே விற்கணும்னா அமோனியா விடுவோம்,
அப்ப உறையாது என்றான்.
நானும் அப்படித்தான், ஒவ்வொரு துகளுக்கும்
ஓர் உறை மாட்டுகிறேன் என்றேன்.
எப்ப மாட்டுவே? உறைய ஆரம்பிச்ச பிறகா?
கொஞ்சம் கூடுதலா விடேன், பிசுக்காதே.

(என் கைடு போன வாரமே மின்னஞ்சலில் சொன்னது இதைத்தான்:
பொன்னுக்கு மூலக்கூறு இரண்டு பங்கு.
வில்பிரட்டுக்கு அது தெரிய வேண்டியதில்லை.)

ஐந்தாம் முறைக்கு
ஆய்வகத்து ஐஸ் பெட்டி ஓடவில்லை.
வடசேரிச் சந்தையில் மீன்காரி ரெஜினாவிடம்
பத்து ரூபாய்க்கு ஐஸ் வாங்கினேன்,
ஒரு சாளைச் செதில் ஒட்டியிருந்தது.
போரோஹைட்ரைடைக் கரைத்து, குளிர வைத்து,
சொட்டு சொட்டாக.
நுரைத்தது. தெளிவு ஒரு நொடியில்
கட்டங்காப்பியாகக் கறுத்தது.
மூன்று மணி நேரம் கலக்கியின் காந்தம் சுற்ற
நான் பக்கத்தில் நின்றேன்,
இரண்டு தடவை கரண்ட் போய் வந்தது,
போனபோதெல்லாம் கையால் சுழற்றினேன்.

எத்தனாலில் கழுவி, சுழற்றிப் படியவைத்து,
மறுபடி டொலுவீனை விட்டபோது
அப்படியே கரைந்தது.
அடியில் ஒன்றுமில்லை.
குடுவையைக் கவிழ்க்கிற அளவுக்குச் சாய்த்துப் பார்த்தேன்,
ஒன்றுமில்லை.

ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்தவருக்குத்
திரவப்படிகத்தைத் தனியாக விளக்க வேண்டாம்.
வயலுக்குள் ஒன்று, குளத்தங்கரையில் ஒன்று,
பாறைச் சரிவில் மூன்று.
நிற்கும் இடத்தில் வரிசை கிடையாது,
முகம் மட்டும் எல்லாம் ஒரே கணவாய்க்கு.
அந்தக் கூட்டத்துக்குள்தான்
என் பொன்னை ஒரு சிட்டிகை விட்டேன்,
அவர்களைப் போலவே உடுத்தி,
அந்நியம் தெரியாதபடி.

நுண்ணோக்கியின் மேடையைச் சூடாக்கினேன்.
முகங்கள் கலைந்து பார்வை இருண்டது.
ஆறவிட்டேன்.
முதலில் இருட்டில் ஒரு பொட்டு.
பிறகு இங்கே, அங்கே,
பிறகு எல்லாம் சேர்ந்து வெளிச்சம், நடுவே
கருநூல் இழைகள் நெளிந்துகொண்டு.
எங்கும் கட்டியில்லை.
பெபினைக் கூப்பிட நினைத்தேன்,
அவன் சாப்பிடப் போயிருந்தான்.

கிடைச்சுதா என்றார் ஞானசிகாமணி.
கிடைச்சது அண்ணா, கறுப்பா.
பாவம் பிள்ளே, யாரோ ஏமாத்திட்டான் என்றார்.

குலசேகரம் பஸ்ஸில்
என் கையின் கந்தக நாற்றத்துக்கு
பக்கத்து சீட் தக்கலை வரை காலி.
வீட்டு வாசலில் வில்பிரட்,
முழங்கை வரை ஒட்டுப்பால்,
அவனுக்கும் அவன் நாற்றம்.
ஒரே குளிமுறி, ஒரே வாளி.
யார் முதலில் என்று
இன்னும் தீரவில்லை.