இரண்டாவது பட்டனுக்குக் கீழே

"டாக்டரம்மா" என்றார்.
டிப்ளமோதான், என்றேன். காதில் விழவில்லை.
முப்பது வருஷ கம்ப்ரசர் சத்தத்தில்
பாதிச் சொற்கள் போய்விட்டிருந்தன.

ராயக்கோட்டை மேம்பாலத்தை ஒட்டி
டயர் கடைக்கு மேலே என் அறை. பதினாறு படி.
நாலு இடத்தில் நின்று ஏறி வந்திருக்கிறார்.
பெயர் திம்மராயன். ஜெகதேவிப் பக்கம்
கல்லில் துளை போடுகிற வேலை.

படுக்கச் சொன்னால் இருமல். உட்கார்ந்தே பார்த்தேன்.
இரண்டாம் பட்டனுக்கும் மூன்றாம் பட்டனுக்கும் நடுவே
மார்பெலும்பின் மேல் விரல் வைத்ததும்
முகம் சுளித்தார். "அங்கதான்."

சீனப் படத்தில் இந்தப் புள்ளிக்கு
மூச்சின் கடல் என்று போட்டிருக்கிறது.
சொன்னேன். அவர் கடல் பார்த்ததில்லையாம்.
கே.ஆர்.பி. அணையில் ஷட்டர் திறந்த அன்று
பாலத்தில் நின்றாராம், அவ்வளவுதான் தண்ணீர்.

"எவ்வளவு ஆழம்?" ஊசியைப் பார்த்துக் கேட்டார்.
கால் விரற்கடை. அதுவும் சாய்த்து, தோலோடு தோலாய்.
"நாங்க நேரா இறக்குவோம். பத்தடி."
பிறகு, கேட்காமலே:
"கல்லுக்கு ஓட்டம் இருக்கு.
தண்ணி ஊத்துனா தெரியும்.
ஓட்டம் தெரியாதவன் ஆயிரம் துளை போட்டாலும்
நெனச்ச பக்கம் பொளக்காது."

இதைப் படிக்க
எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

ஊசி நின்றது. மூச்சோடு சேர்ந்து
அதன் தலை ஆடியது, ஏறும்போது கொஞ்சம்,
இறங்கும்போது விசிலோடு.
கீழே யாரோ லாரி டயருக்குக் காற்றடித்தார்கள்.
அது நிறையும்வரை
இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

திடீரென நடுவிரலை மடக்கி
தன் நெஞ்சிலேயே தட்டினார், ஊசிக்கு ஓரமாய்.
தலை சாய்த்தார். கீழே இன்னொரு தட்டு.
என் சொல்லைத் தவறவிட்ட காது
இதைத் தவறவிடவில்லை.
"இங்க சத்தம் வேற" என்றார். "ரிஜெக்ட் கல்லு."

இருபது நிமிஷம். உருவினேன். ரத்தம் இல்லை.
"லேசா இருக்கு" என்றார், எனக்காகச் சொன்னாரோ என்னவோ.
ரசீதின் பின்பக்கம் எழுதினேன்:
பெரியாஸ்பத்திரி. எக்ஸ்ரே.
என்ன வேலை என்று கட்டாயம் சொல்லவும்.

பட்டன் போட விரல்கள் திணறின,
துளைக்கருவியின் நடுக்கம் இன்னும் அவற்றில் இருந்தது.
இரண்டாவதைத் திறந்தபடியே விட்டு இறங்கினார்.
காலடிகளை எண்ணினேன். ஒரே இடத்தில்தான் நின்றார்.
இறக்கம்தானே, என்று சொல்லிக்கொண்டு
பஞ்சை எடுத்தேன்,
துடைக்க எதுவும் இல்லாமல்.