வெறும் வயிற்றில்

காலை ஐந்தரைக்குக் கோரிப்பாளையத்தில்
லேப் ஷட்டரைத் தூக்குகிறேன்.
நாளின் முதல் கேள்வி எப்போதும் என்னுடையது:
'வெறும் வயித்துல வந்தீங்களா?'
பதினாறு வருடமாய்ப் பசித்தவர் கையில்தான்
ஊசி குத்துகிறேன்.
பஞ்சை அழுத்திக்கொண்டே அவர்கள்
எதிர்க் கடை இட்லிக்கு நடப்பதைக்
கண்ணாடி வழியே பார்ப்பேன்.

ஒரு ராத்திரி போனில்,
சைகோன் நடைபாதையில்
முழங்கால் உயரப் பிளாஸ்டிக் ஸ்டூலில்
தனியாக உட்கார்ந்திருந்த ஒருத்தி
கிண்ணத்தைத் தூக்கி மிச்சச் சாற்றைக் குடித்தாள்.
யாரும் அவளைப் பார்க்கவில்லை.
அவ்வளவுதான். வேறொன்றுமில்லை.

ஆறு நாள். அதற்கு மேல் டாக்டர் தரமாட்டார்.
திருச்சியில் ஏறி சைகோனில் இறங்குவது.
டைரியில் வயிற்றை வைத்து நாளைப் பிரித்தேன்.
விடியலில் எலும்புச் சாற்றில் மிதக்கும் அரிசி நூடுல்ஸ்,
நம்ம கீழவாசல் ஆட்டுக்கால் சூப்புக்குத்
தூரத்துச் சொந்தம், மிளகு குறைத்து
அன்னாசிப்பூ தூக்கலாக.
பதினோரு மணிக்குச் சொட்டுச் சொட்டாய் இறங்கும் காபி.
மத்தியானம் அரிசித் தாளில் சுருட்டிய இறால்.
மூன்றாம் நாளுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.
தொலைந்துபோக ஒரு நாள் வேண்டாமா?

ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய முந்நூறு டாங்.
என் சம்பளம் அங்கே அறுபத்தாறு லட்சம்.
சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.
பில் போடும் செபஸ்தியம்மாள் நிமிரவேயில்லை,
'அப்ப எனக்கு ஒரு வீடு வாங்கிட்டு வா.'

ஆன்லைனில் வாங்கிய மீன் சாஸை
மூடி திறந்த அன்று
மாடியேறி வந்துவிட்டார் வீட்டுக்காரர் சங்கரலிங்கம்.
'சைவம்னு சொல்லித்தானே வீடு குடுத்தோம்?'
பரணில் எலி செத்திருக்கும் போல என்றேன்.
சாயங்காலம் எலிப்பாஷாணத்தோடு
மறுபடி வந்தார், பாவம்.

இரண்டு குச்சியால் இடியாப்பத்தைத் தூக்குகிறேன்.
உதிர்கிறது.
இருட்டிலும் நரம்பு தேடிப் பிடிக்கும் விரல்
ஒரு மாவுநூலிடம் தோற்கிறது.
பத்தாம் நாள் எழும்பி வந்தது,
வாய்க்குச் சாண் தூரத்தில் விழுந்தது,
நைட்டியில்.

போனில் ஒருத்தி பாஷை சொல்லித் தருகிறாள்.
'மா' என்கிறாள். 'மா' என்கிறேன்.
தப்பு என்கிறது திரை, சிவப்பில்.
ஏற்றிச் சொன்னால் அம்மா,
இறக்கிச் சொன்னால் ஆனால்,
உடைத்தால் குதிரை, வளைத்தால் கல்லறை,
அமுக்கினால் நாற்று,
சும்மா விட்டால் பேய்.
எங்கள் மாவிலும் குதிரை உண்டு,
மாம்பழம்கூட உண்டு என்று
அவளிடம் சொல்ல ஆசை.
அவளுக்குப் பாடம் மட்டும்தான் தெரியும்.

இங்கே எல்லோரும் இறக்கித்தான் சொல்கிறார்கள்.
'போயேன். ஆனா தனியாவா?'
'நல்ல ஊருதான். ஆனா பாஷை?'
திருமங்கலத்து அக்கா அழவே ஆரம்பித்தாள்.
சைகோனில் மாரியம்மன் கோயில் இருக்கிறதென்றேன்.
மூக்கை உறிஞ்சினாள்.
'அத மொதல்ல சொல்றதுக்கென்ன?
மஞ்சத்துணியில காசு முடிஞ்சு தரேன்,
உண்டியல்ல போட்டுட்டு வா.'

விடுப்புத் தாளில் காரணம் என்றொரு கோடு.
காதுகுத்து, கருமாதி, பிள்ளைக்குப் பரீட்சை என்று
மற்றவர்கள் நிரப்பும் கோடு.
'சாப்பிட' என்று எழுதினேன்.
டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.
'உடம்புக்கு எதாவதா?'

விசா வந்த நேரம்
செல்லூர்த் தறிக்காரர் ஒருவர் கையில்
ரப்பர் கட்டியிருந்தேன்.
கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது.
ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது.
'தெரியவே இல்லம்மா' என்றவர்
சட்டைக் கையை இறக்கிக்கொண்டே
'நீ சாப்ட்டியா?' என்றார்.

'இன்னும் இல்ல' என்றேன்,
பஞ்சை அழுத்தி.