நிழலுக்கு இரண்டு மதிப்பெண்

லியபாயாவில் பிப்ரவரி.
கடற்காற்று ஜன்னல் சட்டத்தைத் தட்டித் தட்டி
யாராவது இருக்கிறீர்களா என்கிறது.
ஏழாம் வகுப்பின் இருபத்து மூன்று தாள்கள்
என் மேசைமேல்.
எல்லாவற்றிலும் அதே மூன்று வெங்காயம்,
அதே நசுங்கிய பால் தூக்கு.

பக்கத்தில் அட்டவணை:
அமைப்புக்கு மூன்று, அளவுப் பொருத்தத்துக்கு மூன்று,
ஒளி நிழலுக்கு இரண்டு,
தன்னைத் தானே எடைபோட்டதற்கு இரண்டு.
வெங்காயத் தோல் ஒரு மூச்சில் பறந்துவிடும்போல் இருப்பதை
எந்தக் கட்டத்தில் போட?

மாடராவுக்கு எட்டு போட்டிருந்தேன்.
தூக்கின் அடியில் கிளம்பி
மேசை விளிம்பில் தயங்கி
விழாமல் நின்ற ஒரு நிழலுக்காக.
ஓரத்தில் சிவப்பு மையில்:
"நன்றாகப் பார்த்திருக்கிறாய்."

மறுநாள் இடைவேளையில் வந்தாள்,
கம்பு ரொட்டியை மென்றுகொண்டே.
"ரெண்டு குறைச்சுக்குங்க டீச்சர்."

கூட்டிப் போடச் சொல்லி வந்தவர்கள் உண்டு,
அழுதவர்கள் உண்டு,
அப்பாவைக் கூட்டி வந்தவனும் உண்டு.
குறைக்கச் சொல்லி வந்தவள்
பத்தொன்பது வருஷத்தில் இவள்தான்.

இடது கையைத் திருப்பிக் காட்டினாள்.
சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை
பென்சில் கரி மினுங்கியது,
மத்தி மீனின் வயிறுபோல.
"அது நிழல் இல்லை. நான் வரையவே இல்லை.
கை உரசினது."

தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
ஜன்னல் இடப்பக்கம்.
நிழல் விழுந்திருப்பதும் இடப்பக்கம்.
அதைக்கூடக் கவனிக்காத நான்தான்
அவள் பார்த்ததற்குச் சான்று எழுதியிருக்கிறேன்.

"அழித்திருக்கலாமே?"

"அழிக்கத்தான் ரப்பர் எடுத்தேன்.
அதுவரைக்கும் தூக்கு
சும்மா காத்துல தொங்கிட்டு இருந்துச்சு.
அப்பதான் மேசைமேல உட்கார்ந்துச்சு.
விட்டுட்டேன்."

விட்டுட்டேன்.
அவள் தோளைக் குலுக்கினாள், மணி அடித்தது,
கதவின் வெள்ளைப் பெயின்டில்
சாம்பல் நிறத்தில் ஒரு கை.

இரண்டாம் முறை திருத்தும் இல்மார்ஸிடம் கேட்டேன்.
"நோக்கம் இல்லாவிட்டால் பூஜ்யம்," என்றார்
காப்பியைக் கலக்கிக்கொண்டே.
"அழிக்காமல் விட்டது நோக்கம் இல்லையா?"
"அதற்குக் கட்டம் இல்லை."

எட்டை ஏழாக்கினேன்.
ஏழை அழித்தேன்; தாள் அங்கே மெலிந்துவிட்டது.
சிவப்பு வரியை அடிக்கப் போன பேனா
பாதியில் நின்றது.
எழுதியபோது பொய்யாக இருந்தது
இப்போது அப்படி இல்லை.

நாலு மணிக்குள் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்ற வேண்டும்.
பால் தூக்கை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.
வெங்காயம் இரண்டுதான் இருந்தது.